நெடுந்தீவுக்குச் செல்வோம்
(பயணப் பாடம்: மேற்பிரிவு மாணவர்க்கும் பெற்றோர்க்கும்)



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எமது வகுப்பறையில் ஒரு குரல் தவறாது கேட்கும்: "சேர், நாங்கள் இந்த முறை ஊருக்குப் போறம்." அவ்வாறு செல்வோரிற் பலர் தீவகத்தையும் கண்டு வர விரும்புகின்றனர். அவர்கட்குப் பயன்படும் பொருட்டு நெடுந்தீவைப் பற்றிய சில செய்திகளை இங்கே தருகின்றோம்.

அமைவிடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்கு நீரிணையில் அமைந்தது நெடுந்தீவு. தீவகத்தின் பெரிய தீவுகளுள் இதுவும் ஒன்று. பரப்பளவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் இதனை டெல்ஃப்ட் என்று அழைத்தனர். தமிழாராய்ச்சிக்கு உலக அரங்கு அமைத்து, 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய தனிநாயகம் அடிகளின் தந்தைவழி ஊரும் இதுவே.

செல்லும் காலம்

கடற்பயணத்திற்குக் காற்றே தலைமையானது. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து கடலைக் குழப்பும். மாசி முதல் சித்திரை வரை கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். நம் பிள்ளைகளின் விடுமுறையோ ஆடி, ஆவணியில் வருகின்றது. அது சோளகம் வீசும் காலம். அலை உயரும், வெயிலும் கொடிது. ஆதலால் காலைப் படகிலேயே செல்லுதல் நன்று. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நிகழும் நாள்களில் துறையிலே சனம் நிறைந்திருக்கும். அதனையும் கருத்திற் கொள்க.

செல்லும் வழி

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். போரினால் 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணத் தொடரூந்து 2014 ஒக்டோபரில் மீண்டும் வந்தது. பேருந்துகளும் உள. யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைதல் வேண்டும். அங்கிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்குப் படகிற் சுமார் ஒரு மணி நேரம் செல்லும். படகுகள் நாளொன்றுக்குச் சில முறையே ஓடும். காற்றுக்கேற்ப நேரமும் மாறும். ஏறும்போதே திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டறிந்து கொள்க. கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு தீவிலேயே தங்க நேரிடும். தங்குமிடங்களோ மிகச் சிலவே. உயிர்காப்பு அங்கியைச் சூடென்று கருதிக் கழற்றாதீர்.

கொண்டு செல்ல வேண்டியவை

தீவின் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர் நீர். குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்க. அங்குள்ளோரின் நன்னீரைக் கைகால் கழுவ வீணாக்குதல் ஆகாது. தொப்பி, குடை, நுளம்பு விரட்டும் பூச்சு, கடற்பயணத்தில் ஒங்காளிப்போர்க்கு மருத்துவர் கூறும் மருந்து, சிறு தாள்களாக இலங்கை ரூபாய் ஆகியன தேவை. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. எனினும் டெங்குக் காய்ச்சல் உண்டு.

பெற்றோர் கவனத்திற்கு ஒன்று. நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவன. புறப்படுமுன் அரச தளத்தில் பார்த்துக் கொள்க. அதனினும் முக்கியமானது, அகதியாகப் பாதுகாப்புப் பெற்று, நிரந்தர வதிவுரிமையோடு மட்டும் இருப்போர் பற்றியது. 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த கனடாச் சட்டத்தின்படி, அத்தகையோர் தாயகம் சென்று வந்தால் பாதுகாப்பை மட்டுமன்றி வதிவுரிமையையும் இழக்க நேரலாம். குடியுரிமை பெற்றோரை இது தொடாது. எவ்வகையினர் என்பதில் ஐயமுடையோர் சட்டத்தரணியைக் கேளாது பயணச்சீட்டுப் பெறாதீர். இதனை எழுதும் நாமும் காத்திருப்போர் வரிசையிலேயே உள்ளோம். இக்கட்டுரையின் பழைய செய்திகள் தீவகத்தில் நாம் ஆசிரியப் பணி புரிந்த நாளில் அறிந்தவை. புதியவை சென்று வந்த மாணவர் சொல்லக் கேட்டவை.

காண வேண்டியவை

துறையிலே முச்சக்கர வண்டி அமர்த்தலாம். கூலியை முன்னரே பேசிக் கொள்க. சாந்து பூசாது அடுக்கிய முருகைக்கல் வேலிகள் ஊரெங்கும் காணப்படும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் வெளிகளில் மேயும்; அவற்றைத் துரத்துதலும் தீனி கொடுத்தலும் வேண்டா. உள்ளே மனிதர் நுழையத்தக்க பொந்துடைய பெருக்குமரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, கோட்டையின் சிதைவுகள் ஆகியனவும் உள.

மாவிலித்துறையில் ஒரு நினைவிடம் உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், குழந்தைகள் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே கொன்றனர் என்று உயிர் தப்பியோர் கூறினர். அவ்விடத்திற் படமெடுக்குமுன் சற்று நேரம் தலைகுனிந்து நிற்க. பிள்ளைகள் காரணம் கேட்பார்கள், மறையாது சொல்லுக.

பெட்டியில் வைக்க இயலாத ஒன்று

கடந்த ஆண்டு எம் மாணவி ஒருத்தி நெடுந்தீவு சென்றாள். துறையிலே நிழலில் இருந்த ஆச்சி ஒருவர் அவளைப் பார்த்து, "ஆற்ற பிள்ளை நீ?" என்று கேட்டாராம். "கனடா" என்றாள் இவள். ஆச்சி சிரித்து, "அது நாடெல்லோ பிள்ளை. நான் கேட்டது ஆற்ற பிள்ளை எண்டு" என்றார். மாணவி தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவரே விடை கூறினார். அவளுடைய அப்பம்மாவின் பெயரைக் கேட்டதும் ஆச்சி எழுந்து வந்து அவள் முகத்தை இரு கைகளாலும் தடவினாராம். இருவரும் ஒரே பள்ளியிற் படித்தவர்கள்.

இதனை வகுப்பிற் கூறிய மாணவி, "சேர், அப்பம்மாவின்ர முழுப்பேர் எனக்குத் தெரிஞ்சிருந்தால் நானே சொல்லியிருப்பன்" என்றாள்.

பெற்றோரே, தமிழ் விளங்காத பிள்ளைகள் அல்லர் இவர்கள். அவர்களை நோக்கிய கேள்விக்கு நாம் முந்திக்கொண்டு விடை கூறுகின்றோம். கூறவேண்டிய பெயர்களையும் சொல்லிக் கொடாது விடுகின்றோம். பயணச்சீட்டு வாங்கும் நாளிலேயே அப்பெயர்களையும் சொல்லிக் கொடுங்கள். துறையிற் கேள்வி வரும்போது சற்றுப் பொறுத்திருங்கள். பிள்ளை தடுமாறினாலும் தானே சொல்லட்டும்.

சொற்பொருள்

சோளகம் – தென்மேற்குக் காற்று
வாடை – வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும் காற்று
முருகைக்கல் – கடலிற் பவளப் பூச்சிகளால் உண்டாகும் கல்
குறிச்சி – ஊரின் ஒரு பகுதி

பயிற்சி

1. கோடை விடுமுறையில் நெடுந்தீவு செல்வோர் காலைப் படகை விரும்புவது ஏன்?
2. யாழ் நகரிலிருந்து மாவிலித்துறை வரை செல்லும் வழியைப் படமாக வரைக.
3. தீவிலே நன்னீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியதன் காரணம் யாது?
4. அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா ஆகியோரின் பெயர், ஊர், குறிச்சி என்பவற்றை வீட்டிற் கேட்டு எழுதுக. "ஆற்ற பிள்ளை நீ?" என்ற வினாவிற்கு மூன்று வாக்கியங்களில் விடை கூறப் பழகுக.