தீயணைப்புக்குத் தண்ணீர் லாரி: ஒரு கணக்கு

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடுவன அல்ல. எனினும் இரண்டும் கிழக்கே தமிழ்நாட்டை எல்லையாகக் கொண்டவை. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி, கிழக்கு அட்டப்பாடி, மறையூர், சின்னாறு ஆகிய எல்லைப்புறங்களில் கேரளத்தின் பிற பகுதிகளைவிட மழை குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட கிழக்குக் காற்று கணவாயை ஒட்டிய நிலத்தின் புல்லையும் சருகையும் உலர்த்திவிடுகிறது. பிப்ரவரி முதல் மே வரை தீயின் பருவம் எனலாம்.

சிற்றூர்களில் தீயணைப்புக் குழாய் இணைப்புகள் கிடையா. தீயணைப்பு வண்டியின் தொட்டி சில நிமிடங்களில் வற்றிவிடும். அதன்பின் தண்ணீர் லாரியே துணை. லாரிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஆயத்தநிலையை மதிப்பிடுவது அலுவலக வழக்கம். அது போதாது என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டும்.

லாரியின் கொள்ளளவு 10,000 லிட்டர், பம்பு நிமிடத்திற்கு 500 லிட்டர் இறைக்கிறது எனக் கொள்வோம். லாரி 20 நிமிடத்தில் காலியாகும். நீர் நிரப்புமிடம் 10 கிலோமீட்டர் தொலைவில். மலைப்பாதையில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். போக 30, வர 30, நிரப்ப 20, இறைக்க 20 என ஒரு சுற்றுக்கு 100 நிமிடம். நீர் இடையறாது பாய ஐந்து லாரிகள் வேண்டும். நிரப்புமிடம் 2 கிலோமீட்டரில் இருந்தால் சுற்று 52 நிமிடமே. மூன்று லாரிகள் போதும். ஆக, தூர் வாரிய ஒரு குளமும், லாரி கரைவரை செல்லும் பாதையும், ஒரு பம்பும் இரண்டு லாரிகளுக்கு ஈடாகின்றன. லாரிக்கு ஓட்டுநரும் டீசலும் வேண்டும். குளத்திற்கு வேண்டுவது பராமரிப்பு மட்டுமே.

மலையில் வேறு தடைகளும் உண்டு. 10,000 லிட்டர் நீரின் எடை 10 டன். தோட்டப் பாதைகளின் சிறு பாலங்கள் பல இதனைத் தாங்கா. பாதி நிரம்பிய தொட்டி வளைவுகளில் நீர் அலைந்து வண்டியைச் சாய்க்கக்கூடும். சரிவில் ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்திற்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தம் குறைகிறது. ஆகவே, லாரியின் களம் சாலையோரப் புல்வெளியும் வைக்கோற்போரும் குடியிருப்பும்தான். உட்காட்டில் தீத்தடுப்புக் கோடுகளும் பச்சைக் கொப்புகளுமே இன்றும் முதன்மைக் கருவிகள்.

இடுக்கி எல்லையை ஒட்டிய குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட தீயில் மலையேற்றக் குழுவினர் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் சிக்கிய சரிவு எந்த லாரியும் எட்ட முடியாத இடம். 2023 ஏப்ரலில் கோயம்புத்தூர் ஆலாந்துறை அருகே மலைத்தீயை அணைக்க, விமானப்படை ஹெலிகாப்டர் பாலக்காட்டின் மலம்புழா நீர்த்தேக்கத்திலிருந்து நீர் முகந்து சென்று கொட்டியது. அதன் வாளி சுமார் 3,500 லிட்டர் கொள்வது. வானிலிருந்து அணைக்கவும் அருகில் நீர்நிலை வேண்டியிருந்தது.

கடினமான வினா குடிநீரைப் பற்றியது. வடகரப்பதி, எருத்தேன்பதி போன்ற ஊராட்சிகளில் கோடையில் லாரித் தண்ணீரை எதிர்நோக்கும் குடும்பங்கள் உண்டு. தீக்குத் திருப்பிய லாரி அன்று அவ்வீடுகளுக்கு வராது. எந்த லாரியை எடுப்பது, ஆணையிடுபவர் யார், விடுபட்ட நடையை எப்போது ஈடுசெய்வது என்பவற்றைக் கோடைக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். வாடகையை நடைக்கணக்கில் அன்றி மணிக்கணக்கில் நிர்ணயிப்பதே முறை. தீயருகே காத்திருக்கும் லாரிக்கு நடைக்கணக்கில் வருவாய் இல்லை.