ஜெராக்ஸ் தொகுப்பு வேறு, விலை போட்ட புத்தகம் வேறு

கேள்வி: தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் தமிழ்ப் பேராசிரியையாக இருக்கிறேன். முதுகலை விருப்பப் பாடத்துக்குப் பல நூல்களிலிருந்து கட்டுரைகளை எடுத்துத் தொகுத்து, கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வைப்போம். மாணவர்கள் நகலெடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொள்வார்கள். இந்த ஆண்டு கடைக்காரர், “மேடம், கேஸ் ஆயிடும்னு சொல்றாங்க, கல்லூரி லெட்டர் குடுங்க” என்கிறார். முதல்வர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். இன்னொன்று: இளங்கலை பகுதி ஒன்று தமிழுக்கு நாங்களே ஒரு பாடநூல் அச்சிடப் போகிறோம். சங்கப் பாடல்கள், பாரதி, இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் ஆறு சிறுகதைகள். ஐ.எஸ்.பி.என். எண் வாங்கி விலையும் வைக்கிறோம். “பாடத்துக்குத்தானே, அனுமதி எதற்கு?” என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எதற்கு உரிமம் வேண்டும், யாரிடம் கேட்பது?

பதில்: உங்கள் கல்லூரி பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறது, பயப்பட வேண்டிய இடத்தில் தைரியமாக இருக்கிறது. பல கல்லூரிகளில் இதுதான் நிலை.

முதலில் ஜெராக்ஸ். 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டன. எதிர்த்தரப்பு, டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்துக்குள் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி என்ற சிறிய கடையும் டெல்லி பல்கலைக்கழகமும். ஆசிரியர்கள் வகுத்த வாசிப்புப் பட்டியலின்படி நூல்களின் பகுதிகளை நகலெடுத்து, கட்டாகக் கட்டி விற்றார்கள் என்பதே புகார். நீங்கள் செய்வதும் அதேதான். மாணவர் அமைப்பு ஒன்று தன்னையும் வழக்கில் சேர்த்துக்கொண்டு வாதாடியது. அமர்த்தியா சென் பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதினார்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் சட்ட விளக்கத்தில் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(i), ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது ஒரு படைப்பை நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. கற்பித்தல் என்பது வகுப்பறையின் ஒரு மணி நேரம் மட்டும் அல்ல; பாடத்திட்டம் வகுப்பதில் தொடங்கித் தேர்வு வரை எல்லாம் அதில் அடங்கும். நகலெடுக்கும் கை கடைக்காரருடையதாக இருப்பதால் மட்டும் அது குற்றமாகிவிடாது. இத்தனை பக்கம், இத்தனை சதவீதம் என்ற வரம்பையும் அமர்வு விதிக்கவில்லை. பாடத்துக்குத் தேவைப்பட்ட அளவா என்பதே கேள்வி. அந்தத் தேவையைச் சாட்சியம் வைத்து ஆராயும்படி வழக்கைக் கீழே திருப்பி அனுப்பினார்கள். விசாரணை தொடரும் முன்பே 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. நகல் உரிமங்கள் வழங்கும் ஐ.ஆர்.ஆர்.ஓ. சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த மனுவும் 2017 மே 9 அன்று தள்ளுபடியானது.

இது டெல்லி நீதிமன்றத்தின் தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மதிப்போடு எடுத்துப் பார்க்கப்படும். ஆகவே முதல்வர் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். கடிதத்தில் பாடக் குறியீடு, பருவம், எந்த நூலில் எந்தப் பக்கங்கள் என்ற பட்டியல், இது சேர்ந்து படிக்கும் மாணவர்களுக்கு மட்டும் என்ற ஒரு வரி இருக்கட்டும். கடைக்காரர் வழக்கமான நகல் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. முழுப் புத்தகத்தையே நகலெடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கடையில் கிடைக்கும் நூலை அட்டை முதல் அட்டை வரை நகலெடுத்துவிட்டுத் தேவை என்று வாதாடுவது கடினம். தமிழில் 500 பிரதி அச்சிட்டு விற்கத் திணறும் சிறு பதிப்பகங்களை நினைத்தால், அப்படிச் செய்ய எனக்கு மனமும் வராது.

பி.டி.எஃப்.புக்கும் இதே அளவுகோல்தான். வகுப்பு மாணவர்கள் மட்டும் நுழையும் கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு அத்தியாயத்தைப் போட்டால், கற்பித்தல் என்று வாதாட வலுவான இடம் உண்டு. டெலிகிராம் குழுவிலோ கல்லூரியின் திறந்த இணையதளத்திலோ ஏற்றினால் அந்த இடம் போய்விடும். நூலகம் சந்தா கட்டும் மின்னிதழ்களுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கும். அவற்றுக்குக் கோப்பை அனுப்பாமல் இணைப்பை மட்டும் கொடுப்பதே நல்லது.

இனி உங்கள் பாடநூல். ஐ.எஸ்.பி.என். எண்ணும் விலையும் வந்துவிட்டால் நீங்கள் பதிப்பாளர். 52(1)(i)ஐ இங்கே நம்ப முடியாது. பாடத் தொகுப்புகளுக்கென்று 52(1)(h) இருக்கிறது. ஆனால் அது குறுகிய வாசல். தொகுப்பின் பெரும்பகுதி பதிப்புரிமை இல்லாத எழுத்தாக இருக்க வேண்டும், சேர்ப்பவை சிறு பகுதிகளாக இருக்க வேண்டும், ஒரே ஆசிரியரிடமிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்து ஆண்டுகளில் இரண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு முழுச் சிறுகதையைச் சிறு பகுதி என்று எந்த வழக்கறிஞரும் துணிந்து சொல்லமாட்டார். ஆறு கதைகளுக்கும் எழுத்துப்பூர்வ உரிமம் வேண்டும்.

சங்கப் பாடலுக்கு உரிமை கேட்க ஆள் இல்லை. ஆனால் உடன் சேர்க்கும் உரைக்கு உண்டு. உ.வே.சா. 1942இல் மறைந்தார், அவர் உரையை அச்சிடலாம். அண்மையில் எழுதப்பட்ட உரையானால் கேட்டாக வேண்டும். ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்பது கணக்கு: 1964இல் மறைந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் உரியது. பாரதியின் எழுத்து 1949இலேயே அரசுடைமையானது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய மற்றவர்களின் பட்டியலைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் கதைதான் எனக்கு வலிக்கும் விஷயம். தன் கதை ஒரு கல்லூரியில் பாடமாக இருப்பதை, அதைப் படித்த மாணவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார் எழுத்தாளர். ஒரு பிரதிகூட அவருக்கு வருவதில்லை. ஆண்டுதோறும் ஆயிரம் மாணவர்கள் விலை கொடுத்து வாங்கும் புத்தகத்தில் அட்டைக்கும் அச்சுக்கும் பைண்டிங்குக்கும் பணம் போகிறது, எழுதியவருக்கு மட்டும் பாடமாக வைத்ததே பெருமை என்கிறார்கள். போதாததற்கு, மாணவர்களுக்கு ஆகாது என்று கதையில் வரும் வட்டார வசவுகளை வெட்டிவிடுகிறார்கள். பிரிவு 57இன்படி, தன் பெயருக்குக் களங்கம் வரும் வகையில் படைப்பைச் சிதைத்தால் எழுத்தாளர் தடுக்கலாம். உரிமையை விற்றுவிட்டாலும் அந்த அதிகாரம் அவரிடமே இருக்கும். ஒரு சொல்லை நீக்குவதானாலும் அவரைக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது? முதலில் எழுத்தாளரிடம். தமிழில் பல நூல்களுக்கு எழுத்து ஒப்பந்தமே கிடையாது. உரிமை மாற்றம் எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது. எழுத்தில் இருந்து காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுதான். அதனால் பெரும்பாலும் உரிமை அவர் கையிலேயே இருக்கும். பதிப்பகத்திடம் இருந்தால் அவரே சொல்லிவிடுவார். மறைந்துவிட்டால் வாரிசுகள். மொழிபெயர்ப்புக் கதையானால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவரும்.

கடிதத்தில் கதையின் தலைப்பு, எந்தத் தொகுப்பிலிருந்து, எத்தனை பிரதி, எந்தக் கல்வியாண்டிலிருந்து எதுவரை, அச்சுக்கு மட்டுமா மின்வடிவத்துக்குமா, மதிப்பூதியம் எவ்வளவு, எத்தனை இலவசப் பிரதி என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். “பயன்படுத்த அனுமதிக்கிறேன்” என்று ஒற்றை வரியில் முடியும் கடிதங்களையே அதிகம் பார்க்கிறேன். மூன்றாம் ஆண்டில் வேறொரு கல்லூரி அதே நூலை வாங்கும்போது அந்த ஒற்றை வரியிலிருந்துதான் தகராறு கிளம்புகிறது. வாட்ஸ்அப்பில் வரும் “சரிங்க”வை நம்பி அச்சுக்குப் போக வேண்டாம்.

பாடத்திட்டக் குழு கூடுவதற்கு முன்பே இந்தக் கடிதங்கள் போய்விட வேண்டும். கதை பாடத்திட்டத்தில் ஏறியபின் கேட்டால், மறுக்கும் சுதந்திரம் எழுத்தாளருக்கு இல்லாமல் போகிறது; மறுத்தால் மாற்றுக் கதை தேட உங்களுக்கும் நேரம் இருக்காது.