அடைமழையில் கன்று ஈனும் மாடு: புதிதாக மாடு வைப்போருக்கு

1. சினை ஊசி போட்ட தேதியைக் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். அதிலிருந்து ஏறக்குறைய 280 நாள். பத்து நாள் முன்பின் ஆகலாம். ஈனுவதற்கு 2 மாதம் முன்பே பாலை வற்றவிடுங்கள். கடைசிவரை கறந்தால் சீம்பால் குறைந்துவிடும்.

2. ஐப்பசி, கார்த்திகையில் ஈனுகிற மாட்டைச் சேற்றில் கட்டக் கூடாது. காய்ந்த வைக்கோல் பரப்பி, கயிற்றை அவிழ்த்து விடுங்கள்.

3. மடி புடைத்து, வாலடியில் இருபுறமும் குழி விழுந்தால் இன்றோ நாளையோ ஈன்றுவிடும். தள்ளி நின்று பாருங்கள். தெருவே கூடி நின்று டார்ச் அடித்தால் மிரண்டு முக்குவதை நிறுத்திவிடும்.

4. பனிக்குடம் உடைந்ததும் மணி பாருங்கள். இரண்டு முன்னங்கால்களும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தால் பொறுத்திருங்கள். ஒரு மணி நேரம் முக்கியும் நகரவில்லை, ஒரு கால்தான் வந்திருக்கிறது, வால் தெரிகிறது, குளம்பின் அடிப்பக்கம் மேலே பார்த்திருக்கிறது என்றால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் எண்ணையும் கால்நடை ஆம்புலன்ஸின் 1962-ஐயும் முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். நாலு பேர் கயிறு கட்டி இழுத்துக் கருப்பை கிழிந்து செத்த மாடுகளைப் பார்த்திருக்கிறேன். பிழைத்திருக்க வேண்டிய மாடுகள் அவை. கன்று நேராக வந்து, கை கொடுத்தே ஆகவேண்டும் என்றால் நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு, மாடு முக்கும்போது மட்டும் அதன் பின்னங்குளம்பை நோக்கிக் கீழ்வாக்கில் இழுங்கள். அது ஓயும்போது நீங்களும் ஓயுங்கள்.

5. சிறுத்த கிடாரிக்கு முதல் சினையில் ஹோல்ஸ்டீன் ஊசி வேண்டாம். ஜெர்சி போதும், கன்று சிறிதாக இருக்கும்.

6. கன்று விழுந்ததும் மூக்கு, வாய்க் கோழையை வழித்துவிட்டுச் சாக்கால் உடம்பைத் தேயுங்கள். மூச்சு வரத் தாமதித்தால் மூக்கினுள் வைக்கோலால் நெருடுங்கள். தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவுங்கள்.

நஞ்சுக்கொடி விழுந்தபிறகுதான் சீம்பால் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இதில் மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நோயை எதிர்க்கும் சக்தி எதுவும் இல்லாமல்தான் கன்று பிறக்கிறது. சீம்பாலில்தான் அது கிடைக்கும். குடல் அதை உறிஞ்சுவதும் முதல் ஒரு நாள்தான், அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டத் தொடங்குங்கள். 25 கிலோ கன்றுக்கு அன்றைக்குள் 2.5 லிட்டராவது போக வேண்டும். எழுந்து நிற்க முடியாவிட்டால் கறந்து பாட்டிலில் கொடுங்கள். கன்றுக்குப் போகத்தான் திரட்டுப்பால்.

7. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்லைக் கட்டித் தொங்கவிட்டு இழுக்க வேண்டாம், கொடி அறுந்து உள்ளேயே அழுகும். விழுந்ததை மாடு தின்னாமல் எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். ஆலமரத்தில் கட்டுகிற வழக்கத்தை விட்டுவிடலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். புருசெல்லா நோய் மனிதருக்கும் தொற்றும்.

8. ஈன்ற மூன்று நாளைக்குள் மாடு எழ முடியாமல், காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்தால் அது பால் காய்ச்சல், சுண்ணாம்புச்சத்துக் குறைவு. மருத்துவர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். நிறையக் கறக்கும் மாடென்றால் முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள்.