மலையூரா, ஆற்றோர ஊரா?

பெங்களூர் மர்பி டவுனில், முன்னாளில் நாக்ஸ்பேட்டை என்று வழங்கிய இந்தக் குறுகிய தெருக்களில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் காலம் நெருங்கியவர் எவரோடும் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால், 'ஊர்ப்பக்கமே போய்விடலாமா' என்ற பேச்சு, மார்க்கெட் மீன் வாசனையைப் போல, எப்படியும் வந்து சேர்ந்துவிடும். பெங்களூர்க் கண்டோன்மென்ட் தமிழரில் பலருக்கு ஊர்ப்பக்கம் என்றால் பழைய வட ஆற்காடு ஜில்லாதான். 1864-ஆம் ஆண்டு ஜோலார்பேட்டைக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் இடையே இருப்புப்பாதை ஓடத் தொடங்கிய காலமுதல், ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் வழியே ஏறிவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அதே பாதையில் இறங்கிப் போக நினைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஜோலார்பேட்டையில் இறங்கியபின் வழி இரண்டாகப் பிரிவதில்தான் சங்கடம் ஆரம்பமாகிறது. ஒன்று பொன்னேரி வழியாக ஏலகிரி மலைமேல் அத்தனாவூருக்குப் போகிறது. மற்றொன்று வாணியம்பாடியைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் விண்ணமங்கலத்துக்குப் போகிறது. இரண்டு ஊரையும் பல தடவை சுற்றிப் பார்த்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

அத்தனாவூரைப் பற்றி முதலில் ஒரு விஷயம். மர்பி டவுன்வாசியின் உடம்பு கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் பழகிய உடம்பு என்பதும், ஏலகிரியும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதும், ஆகவே மலைமேல் போகிறவன் சீதோஷ்ணத்தைப் பொறுத்தமட்டில் பெங்களூரை விட்டுப் போகவே இல்லை என்பதும், தரகர்கள்கூடச் சொல்லத் தெரியாத உண்மை. கொண்டையூசி வளைவுகள் பதினான்கு. அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். மேலே சிதறிக்கிடக்கும் குக்கிராமங்களும் பதினான்கு. பலாவும் கொய்யாவும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே, மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கும் மார்கழியில், திண்ணையில் போர்வையோடு உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும் மேலான சுகம் இப்பிரதேசத்தில் வேறில்லை. ஆனால் அதே திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் புங்கனூர் ஏரிக்குப் படகு விடப்போகும் கார்களின் வரிசைதான் கண்ணில் படும். மே மாதத்துக் கோடை விழாவின்போது பால் வாங்கப் போவதே ஒரு பிரயாணம்.

நிலம் வாங்குவதானால் இங்கே நிதானம் மிகவும் அவசியம். மலையின் பூர்வகுடிகள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அவர்கள் கையிலிருந்த நிலம் எப்படி, எவர் மூலம், எந்த உத்தரவின்பேரில் கைமாறிற்று என்பதை முப்பது வருஷ வில்லங்கச் சான்றும் பட்டாவும் வைத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்கலாகாது. நவம்பர் மாதத்துப் பச்சையைக் காட்டி ஒரு தரகர் என்னிடம் ஐயாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினார். பத்திரத்தை வக்கீல் பார்த்தபோதுதான் அந்த நிலத்துக்கு வண்டிப்பாதையே இல்லை என்று தெரிந்தது. பணம் திரும்பவில்லை. அனுபவம் என்று கணக்கில் எழுதிக்கொண்டேன்.

விண்ணமங்கலம் வேறு விதமான ஊர். அழகென்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்திலேயே சென்னை நெடுஞ்சாலையின் லாரி இரைச்சல். ரயில் நிலையம் உண்டெனினும் பாசஞ்சர் வண்டிகள் மட்டும் நிற்கிற சிறு நிலையம். சித்திரை வெயிலில் மத்தியானம் தெருவில் நாயும் நடமாடாது. ஆனால் ஆம்பூர் பக்கத்தில் இருக்கிறது. ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். வேலூரிலோ, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை இன்று ஒரு நகரமாகவே வளர்ந்து நிற்கிறது. நடுநிசியில் நெஞ்சுவலி கண்டால் சமவெளிக்காரன் நேர்ரோட்டில் வண்டி பிடிக்கிறான். மலைக்காரன் முதலில் அந்தப் புலவர்களையும் வள்ளல்களையும் வரிசையாகக் கடந்தாக வேண்டும். பரிகாசத்துக்காகச் சொல்லவில்லை. அறுபதைக் கடந்தவர்கள் வீடு தேடும்போது காற்றையும் காட்சியையும் எண்ணுகிறார்களேயொழிய இந்த இரவுப் பிரயாணத்தை எண்ணுவதில்லை.

இத்தனை சொன்னபிறகும், இந்த விவகாரத்தைத் தீர்மானிக்க வேண்டியது தண்ணீர் ஒன்றே என்பது என் திடமான எண்ணம். பாலாறு வருஷத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. அந்த மணலின் கீழ் ஓடுகிற நீரை நம்பித்தான் இந்தப் பள்ளத்தாக்கு ஜீவனம் செய்து வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு அந்த நீரில் கலந்த கதை உச்ச நீதிமன்றம் வரை சென்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிரிட லாயக்கற்றுப் போனதாக அவ்வழக்கில் கூறப்பட்டது. தொழிற்சாலை ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்ததோடு, கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாகவே அந்தத் தீர்ப்பு நிலைநாட்டிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. எனினும் நிலத்தடி நீருக்கு ஞாபகசக்தி அதிகம்.

ஆகவே ஊர் முழுவதையும் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லிவிட முடியாது. எந்தக் கிணறு, ஆற்றுக்கு எவ்வளவு கிட்டே, எந்த மாதம் என்று கேட்க வேண்டும். சென்ற மே மாதம் நான் மூன்று பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தேன்: ஒன்று அத்தனாவூர்க் கிணற்று நீர்; ஒன்று விண்ணமங்கலத்தில் ஆற்றைப் பார்த்த பக்கத்து ஆழ்துளைக் கிணற்றினுடையது; இன்னொன்று அதே ஊரில் ஆற்றுக்கு எட்ட, தோப்புப் பக்கத்துக் கிணற்றினுடையது. மர்பி டவுன் சமையலறையில் என் மனைவி மூன்று சின்னக் குக்கர்களில் ஒரே அளவு துவரம்பருப்பை வைத்து, நாலு நாலு விசில் விட்டு இறக்கினாள். முதலாவது குழைந்திருந்தது. மூன்றாவது மத்தால் கடைய மசிந்தது. இரண்டாவதில் பருப்பு விரல்நுனியில் கல்லாக உருண்டது. குக்கரின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் ஒரு வெள்ளை வளையம்.

"இதுக்கு மேல இந்த ரெண்டு ஊரைப் பத்தி என்னங்க எழுதப்போறீங்க?" என்றாள். பருப்பு வேகாமற்போனால் அது உப்பின் குற்றமேயொழியத் தோல் கழிவுக்குச் சாட்சியாகாது என்று விளக்கத் தொடங்கினேன், அவள் கேட்கவில்லை. எனினும் பரிசோதனைச்சாலைக்கு நீரனுப்புமுன் எவரும் செய்யக்கூடிய சோதனை இது. இதில் தேறாத கிணற்றுக்கு மேற்கொண்டு செலவு செய்வதும் வீண்.

நான் சொல்லும் யோசனை இதுதான். வாங்குவதற்குமுன் ஒரு மே மாதமும் ஒரு நவம்பரும் வாடகைக்கு இருந்து பார்க்க வேண்டும். முழங்கால் நன்றாக இருந்து, சொந்தமாக ஒரு ஸ்கூட்டரும் இருந்து, அண்டை வீட்டார் விசாரிக்காவிட்டால் மனம் வாடாதவராகவும் இருந்தால் அத்தனாவூர் அவரை ஏமாற்றாது. மற்றவர்களுக்கு, அதாவது மர்பி டவுனில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்து, இருமினால் பக்கத்து வீட்டிலிருந்து 'என்னண்ணே உடம்பு?' என்று குரல் வந்து பழகியவர்களுக்கு, விண்ணமங்கலமே ஏற்றது. ஆனால் தோப்புப் பக்கத்துக் கிணறு உள்ள மனையாகப் பார்த்து எடுக்க வேண்டும். அங்கே போனால் பத்து வருஷமானாலும் 'பெங்களூர்க்காரர்' என்றுதான் அழைப்பார்கள். கன்னட நாட்டில் தமிழராயிருந்து தமிழ்நாட்டில் பெங்களூர்க்காரராகும் இந்த விசித்திரத்துக்கு மனத்தைத் தயார் செய்துகொள்வது நல்லது.

ஊர் பார்த்துத் திரும்பும் வழியில் ஆம்பூரில் ஓர் உறவினர் வீட்டில் தாகத்துக்குக் கேட்டேன். வீட்டுப் பெரியம்மா எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்து கொடுத்து, "பயப்படாம குடிப்பா, காவேரித் தண்ணி, மேட்டூர்ப் பக்கத்துலேருந்து குழாயில வருது" என்றார்கள். 1974-லிருந்து மர்பி டவுன் குழாயில் நாங்கள் குடிப்பதும், தொரெக்காடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் மேடேறி வருகிற அதே காவேரிதான். சொம்பு காலியாயிற்று, பெரியம்மா இன்னொரு சொம்பு கொண்டுவரப் போனார்கள்.