ஊர்தி மாற்றமும் தொழிற்கணக்கும்

புதுச்சேரி நகரம் கடலை ஒட்டிய சமநிலத்தில் அமைந்தது. நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் தெருக்களும், நகரை இரு கூறாக்கும் வாய்க்காலும் அதன் தனி அடையாளங்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அத்தெருக்களில் 'பூஸ் பூஸ்' என்னும் தள்ளுவண்டி ஓடிற்று. 'பூஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் 'தள்ளு' என்பது பொருள். இருக்கையில் அமர்ந்தவர் முன்னுள்ள கைப்பிடியைப் பற்றி வண்டியைத் திருப்புவார். பின்னின்று ஓர் ஆள் அதனைத் தள்ளிக்கொண்டே ஓடுவார். அவ்வண்டி மறைந்தது, மிதிவண்டி ரிக்ஷா வந்தது, பின்னர் ஆட்டோ ரிக்ஷாவும் காரும் பெருகின. இன்று மின்சார வண்டிகள் அதே தெருக்களில் அரவமின்றிச் செல்கின்றன.

இம்மாற்றங்களைக் காண்போர், அறிவியல் வளர்ந்தது, அதனால் வண்டியும் மாறிற்று என எண்ணுவர். அஃது உண்மையின் ஒரு பாதியே. ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த புதுமை தெருவுக்கு வருமுன் வேறொரு வாயிலைக் கடத்தல் வேண்டும். அவ்வாயில் தொழில் நடத்துவோரின் கணக்கேடு ஆகும். புதிய கார் ஒன்றை வடிவமைத்து, அச்சுகளைச் செய்து, பொறிகளை மாற்றி, சோதித்துச் சந்தைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் கழியும். கோடிக்கணக்கான ரூபாய் செலவாகும். அப்பணம் திரும்பி வருமா, எத்தனை ஆண்டுகளில் வரும், அதுவரை பழைய வண்டியையே விற்கலாமா என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே மாற்றம் நிகழும். காலம் தாழ்த்தினாலும் கேடு. காலத்திற்கு முந்தினாலும் கேடு.

காலம் தாழ்த்தியதற்கு அம்பாசடர் கார் தக்க சான்று. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் அது செய்யப்படலாயிற்று. அக்காலத்தில் எத்தனை கார்கள் செய்யலாம் என்பதை அரசாங்க உரிமமே வரையறுத்தது. கார் வேண்டுவோர் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். செய்வதெல்லாம் விற்றுப்போகும் இடத்தில், பெருஞ்செலவு செய்து வண்டியைத் திருத்துவானேன்? ஆகவே, சிற்சில மாறுதல்களோடு பழைய உருவமே நீடித்தது. 1983-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 வெளிவந்தபோது நிலைமை மாறிற்று. குறைந்த எடையும் குறைந்த எரிபொருட் செலவும் உடைய அச்சிறு கார் மக்களைக் கவர்ந்தது. மெல்ல மெல்லத் தன் இடத்தை இழந்த அம்பாசடர், 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. போட்டியில்லாத காலத்தில் திருத்தம் வீண்செலவாகத் தோன்றிற்று; போட்டி வந்த காலத்தில் திருத்துவதற்கு வலிமை போதவில்லை.

சில வேளைகளில் சட்டமே மாற்றத்தை வற்புறுத்தும். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து 'பாரத் 6' என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்தது. நான்காம் படியிலிருந்து ஐந்தாம் படியைத் தாண்டி ஆறாம் படிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. டீசல் எந்திரத்தின் புகையைத் தூய்மை செய்யும் கருவிகள் விலை மிக்கவை. பத்து இலட்சம் ரூபாய்க்கும் குறைந்த சிறு காரில் அவற்றைப் பொருத்தினால் விலை ஏறும், வாங்குவோர் பின்வாங்குவர். இதனைக் கணக்கிட்ட மாருதி நிறுவனம், டீசல் கார்களையே விட்டுவிடுவதாக 2019 ஏப்ரலில் அறிவித்து, அவ்வாறே செய்தது. பெரிய வண்டிகளை விற்ற மகீந்திரா நிறுவனமோ டீசலைத் தொடர்ந்தது. விலை மிகுந்த வண்டியில் அக்கூடுதற் செலவு பெரிதாகத் தோன்றாது. சட்டம் ஒன்றே, ஆயினும் முடிவுகள் இரண்டு. இரண்டும் அவரவர் கணக்கிற்குப் பொருந்தியனவே.

பழைமைக்கும் புதுமைக்கும் இடையே பாலம் போல் அமைந்தது 'ஹைபிரிட்' எனப்படும் கலப்பு வண்டி. அதில் பெட்ரோல் எந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும். சாதாரணக் காரில் தடையை அழுத்தும்போது ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. கலப்பு வண்டியிலோ, சக்கரங்களின் சுழற்சி மோட்டாரையே மின்னாக்கியாக்கி, மின்கலத்தில் மின்சாரத்தைச் சேமிக்கும். அடிக்கடி நின்று செல்லும் நகரத் தெருக்களில் இதன் பயன் மிகுதி. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் 'பிரியஸ்' என்னும் கலப்புக் காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. உடனடி இலாபத்தைவிட வருங்காலத்தையே அது பெரிதாகக் கருதிற்று. 2022-இல் வெளிவந்த மாருதியின் கிராண்ட் விட்டாரா, பெங்களூரை அடுத்த பிடதியிலுள்ள டொயோட்டா தொழிற்சாலையில் செய்யப்பட்டது. தனியொருவர் சுமக்கவியலாத செலவை இருவர் பகிர்ந்துகொள்ளுதலும் ஒரு தொழில் முறையே ஆகும்.

காலத்திற்கு முந்திய முயற்சிக்கு ரேவா என்னும் மின்சாரக் கார் எடுத்துக்காட்டு. அது 2001-இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்தது. இலண்டன் மாநகரத் தெருக்களிலும் ஓடிற்று. ஆயினும், கனமான ஈய மின்கலங்களைக் கொண்ட அச்சிறு கார், ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டரே செல்லும். புதுச்சேரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பாதி வழியிலேயே நின்றுவிடும் வண்டியைப் பலர் வாங்கத் துணியவில்லை. 2010-இல் அந்நிறுவனம் மகீந்திராவின் வசமாயிற்று. பின்னர் எடை குறைந்த லித்தியம் மின்கலங்களின் விலை இறங்கிற்று. 2020 ஜனவரியில் டாட்டா நிறுவனம் நெக்ஸான் மின்சாரக் காரை விற்கத் தொடங்கியது. சோதனைக் கணக்கின்படி அது 312 கிலோமீட்டர் செல்லக்கூடியது. சாலையில் அத்தொலைவு குறைந்தாலும், புதுச்சேரியில் புறப்பட்டவர் சென்னையை அடைய அஃது அஞ்ச வேண்டுவதில்லை.

நெக்ஸானில் மற்றொரு கணக்கும் உண்டு. முன்னரே பெட்ரோலிலும் டீசலிலும் ஓடிய காரின் உடலையே எடுத்து, அதனுள் மோட்டாரையும் மின்கலத்தையும் பொருத்தினர். அதனால் புதிய அச்சுகளுக்கான பெருஞ்செலவு மிஞ்சிற்று. சித்ரோன் என்னும் பிரெஞ்சு நிறுவனமும் இவ்வழியையே பின்பற்றிற்று. அது திருவள்ளூர் தொழிற்சாலையில் செய்த சி3 என்னும் பெட்ரோல் கார் 2022-இல் வெளிவந்தது. அதே உருவில் மின்சாரக் கார் 2023-இல் வெளிவந்தது. மக்கள் எதனை விரும்பினும் தொழிற்சாலை வெறுமனே இராது என்பது இம்முறையின் நன்மை. மின்சாரத்திற்கென்றே தனியே வடிவமைத்த வண்டியில் இடவசதியும் எடையமைப்பும் சிறக்கும். இம்முறையில் அவை அத்துணைச் சிறவா என்பது இதன் குறை.

அரசாங்கத்தின் வரியும் இக்கணக்கில் ஓர் எடைக்கல். 2019 ஆகஸ்டு முதல் மின்சாரக் கார்களுக்குரிய சரக்கு சேவை வரி நூற்றுக்கு 12-இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. கலப்பு வண்டிகளுக்கு அச்சலுகை கிட்டவில்லை. ஆகவே சில நிறுவனங்கள் கலப்பு என்னும் இடைப்படியை விடுத்து, மின்சாரத்திற்கே நேரே தாவின.

இம்முடிவுகள் காரை வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் மட்டுமே உரியன அல்ல. லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் தொழிற்சாலைகளுள் ஒன்று புதுச்சேரிப் பகுதியில் உள்ளது. எந்திரத்தை முடுக்கிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரும், ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் அந்நிறுவனத்தின் முதன்மைப் பொருள்கள். மின்சாரக் காருக்கு இவ்விரண்டும் வேண்டா. அதில் முடுக்கிவிட எந்திரமே இல்லை. எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில் எடுக்கப்படும் முடிவு, இங்கே ஒரு தொழிலாளியின் கைவினையைத் தேவையற்றதாக்கிவிடக் கூடும். இதனை உணர்ந்தே அந்நிறுவனம் மின்சார வண்டிகளுக்குரிய மோட்டார்களையும் செய்யத் தொடங்கியுள்ளது.

மாற்றத்தைத் தாங்க இயலாதபோது நேரும் துன்பத்தைப் புதுச்சேரி நன்கு அறியும். 1898-இல் தோன்றி, பல்லாயிரவர்க்கு வாழ்வளித்த ஆங்கிலோ பிரெஞ்சு நெசவாலை, பழைமைப்பட்ட பொறிகளாலும் தொடர்ந்த நட்டத்தாலும் நலிந்தது. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் வீசிய தானே புயல் அதன் மேல் மற்றோர் இடியாக விழுந்தது. 2020-இல் ஆலை மூடப்பட்டது. பொறிகள் பழைமைப்பட்டதன் விலையை இறுதியில் கொடுத்தவர்கள் அவற்றை இயக்கிய தொழிலாளர்களே.

ஆதலின், ஊர்தி மாற்றத்தில் இரண்டு கணக்குகள் உள்ளன. ஒன்று பணக் கணக்கு. அதனைத் தொழில் நடத்துவோர் பார்த்துக்கொள்வர். மற்றொன்று மனிதர் கணக்கு. அதனைத் தொழில் நடத்துவோரோடு அரசாங்கமும் கல்விக்கூடமும் சேர்ந்து பார்த்தல் வேண்டும். பூஸ் பூஸ் வண்டி மறைந்தபோது அதைத் தள்ளியவர் எங்கே போனார் என்று கேட்டவர் சிலரே. இன்று பெட்ரோல் எந்திரத்தைப் பழுது பார்க்கும் இளைஞர், பழைய வேலை முடியுமுன் மின்மோட்டாரையும் மின்கலத்தையும் கற்றுக்கொள்ள வாய்ப்புப் பெறுதல் வேண்டும். அவ்வாய்ப்பைக் காலத்தில் அளிக்கும் நாட்டில்தான் புதிய வண்டி அனைவரையும் ஏற்றிச் செல்லும்.