சிறு டிராக்டர் பின் அச்சில் எண்ணெய்க் கசிவா?

கிணத்துக்கடவு வட்டாரத் தென்னந்தோப்புகளில் ஓடும் சிறு டிராக்டரின் பின்சக்கர உட்புறம் எண்ணெய் கசிந்தால், ஆயில் சீலை மட்டும் மாற்றுவது வழக்கம். சில வாரங்களில் மீண்டும் கசியும். பெரும்பாலும் குற்றவாளி சீல் அல்ல, தேய்ந்த பேரிங்.

முதலில் கியர் பெட்டியின் மூச்சுத் துளையைப் பாருங்கள். புழுதி அடைத்திருந்தால், சூடேறிய காற்று எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். இது செலவில்லாத வேலை. பிறகு பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டவும். ஆட்டமிருந்தால் பேரிங்கை மாற்றிய பிறகே புதுச் சீல். அதன் உதடு எண்ணெய்ப் பக்கம் நோக்க வேண்டும்.

எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடிக்கவும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. இரும்புத் துணுக்குகள் வந்தால் பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும். 'இந்த உழவு முடியட்டும்' என்று தள்ளினால், உடைந்த ஒரு பல் மற்ற பற்களையும் அரைத்துவிடும்.

பிரிக்கும்போது ஷிம் தகடுகள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று குறித்து, தனித்தனிக் கம்பியில் கோத்து வைக்கவும். இடம் மாறினால் புதுப் பல்சக்கரமும் இரைந்து தேயும். புது பேரிங் போட்டாலும் ஷிம் அளவைச் சரிபார்க்க வேண்டும். கிரௌன், பினியன் இரண்டில் ஒன்று பழுதானாலும் ஜோடியாகவே மாற்றவும். இங்கே சிக்கனம் பார்த்தால் இரட்டைச் செலவு.

பூட்டியபின் கையேட்டில் குறித்த எண்ணெயை அளவுக்கோடு வரை ஊற்றி, சுமையின்றிச் சிறிது நேரம் ஓட்டி, அளவை மறுபடி பார்க்கவும்.