ஏறுவதற்கு முந்தைய அரைமணி நேரம்

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கடற்படை விமானி ஆக வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் பொடி எழுத்தில் ஒன்று கேட்டிருந்தாய்: "பயமே இல்லாதவங்கதான் அந்த வேலைக்குப் போக முடியுமா, மாமா?" மற்றக் கேள்விகளுக்கு உன் அம்மாவிடம் போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். இந்த ஒன்றுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் விமானி இல்லை. கடற்படையில் ஹெலிகாப்டர் எஞ்சின்களைக் கழற்றி மாட்டியே இருபது வருடத்தை ஓட்டியவன். அதனால் என் கதையைவிட, நான் பல வருடங்களாகத் தேடித்தேடிப் படித்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பெயர் எரிக் பிரௌன். பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு அதிகாரி. குள்ளமானவர் என்பதால் கூட இருந்தவர்கள் 'விங்கிள்' என்று கூப்பிட்டார்கள். பாறையில் ஒட்டிக்கிடக்கும் சின்னக் கடல் நத்தைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். அந்த நத்தை 487 வகை விமானங்களை ஓட்டியிருக்கிறது! ஒரே விமானத்தின் வெவ்வேறு வடிவங்களைத் தனித்தனியாக எண்ணாமலே இந்தக் கணக்கு. கப்பல் தளத்தில் இறங்கியது மட்டும் 2,407 தடவை. இரண்டையும் இதுவரை யாரும் தாண்டவில்லை.

கப்பலில் இறங்குவது என்றால் என்னவென்று தெரிந்தால்தான் அந்த எண்ணின் கனம் உனக்குப் புரியும். நிலத்து ஓடுதளம் அசையாது. கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும், அலையில் அதன் பின்பக்கம் ஏறி இறங்கும். விமானத்தின் வாலடியில் ஒரு கொக்கி, தளத்தின் குறுக்கே சில இரும்புக் கம்பிகள். கொக்கி கம்பியில் மாட்டினால் விமானம் நிற்கும். பிரௌன் பழகிய காலத்தில் தளம் நேர்கோடாக இருந்தது. இறங்குவது பின்பக்கம், முன்பக்கம் மற்ற விமானங்கள் நிற்கும், நடுவில் ஒரு தடுப்பு. கொக்கி மாட்டாவிட்டால் தடுப்பில் போய் மோதவேண்டியதுதான். 1950-களில் தளத்தைச் சற்றுக் கோணலாக அமைக்கும் யோசனை வந்தது. அதன்பிறகு, சக்கரம் பட்ட நொடியிலேயே விமானி எஞ்சினை முழு விசைக்குத் தள்ளினார். கொக்கி தவறினாலும் கடலுக்கு மேலே எழும்பி இன்னொரு சுற்று வரலாம். நின்ற இடத்திலிருந்து விமானத்தை எறியும் நீராவிக் கவணும், இறங்கும் கோணத்தைக் காட்டும் கண்ணாடி விளக்கும் அதே காலத்தில் அதே பிரிட்டிஷ் கடற்படையில் பிறந்தவை. 1961-ல் பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில் நம் கொடி ஏறிய பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் இந்த மூன்றும் இருந்தன. அதே ஆண்டு மே 18 அன்று அதில் இறங்கிய முதல் இந்திய விமானி தஹிலியானி. பிற்காலத்தில் அவரே நம் கடற்படைத் தளபதியானார்.

பிரௌனின் முதல் கப்பலுக்கு 'ஆடாசிட்டி' என்று பெயர். ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய ஒரு சரக்குக் கப்பலின் மேல் தளம் அமைத்திருந்தார்கள். நீளம் ஏறக்குறைய 140 மீட்டர். கீழே விமானக் கொட்டகை கிடையாது. ஆறு மார்ட்லெட் விமானங்களும் இரவு பகலாக மேலேயே நின்றன. அட்லாண்டிக் குளிரில், அலை வந்து அடிக்கும் தளத்தில், இருட்டில் அவற்றைப் பழுதுபார்த்த மெக்கானிக்குகளை நினைத்தால் இன்றும் என் விரல் சில்லிடுகிறது. ஜெர்மானியரின் காண்டோர் என்ற நான்கு எஞ்சின் விமானம் அன்று சரக்குக் கப்பல்களின் எமன். அதன் முதுகிலும் வயிற்றிலும் பின்னாலும் துப்பாக்கிகள். பிரௌன் அதன் பலவீனம் எங்கே என்று யோசித்து, நேர் எதிரே முகத்துக்கு முகம் பாய்ந்து இரண்டை வீழ்த்தினார். 1941 டிசம்பர் 21 இரவு ஒரு நீர்மூழ்கி ஆடாசிட்டியை மூழ்கடித்தது. அவரோடு தண்ணீரில் மிதந்தவர்களில் பெரும்பாலோர் குளிரிலேயே போய்விட்டார்கள். அவர் பிழைத்தார். அப்போது அவருக்கு இருபதைவிடக் கொஞ்சம் கூடுதல் வயது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவரை ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்துக்குச் சோதனை விமானியாக அனுப்பினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1944 மார்ச் 25 அன்று மஸ்கிட்டோ என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை 'இண்டிஃபாட்டிகபிள்' கப்பலில் இறக்கினார். அதற்கு முன் பிரிட்டிஷ் கடற்படையில் இரட்டை எஞ்சின் விமானத்தைக் கப்பலில் யாரும் இறக்கியதில்லை. அது வழக்கமாக இறங்கும் வேகத்துக்குக் கம்பிகள் தாங்கா. எவ்வளவு மெதுவாக வந்தால் கீழே விழாமல் இருக்கும் என்று முதலில் நிலத்துக்கு மேலே தேடிப்பார்த்தார். ஓடுதளத்தில் பல தடவை பழகிய பிறகே கடலுக்குப் போனார். 1945 டிசம்பர் 3 அன்று 'ஓஷன்' கப்பலில் வாம்பயர் என்ற ஜெட் விமானத்தை இறக்கியதும் இதே முறையில்தான். கப்பலில் இறங்கிய முதல் ஜெட் விமானி அவர். ஜெட் எஞ்சினுக்கு அன்று ஒரு கெட்ட குணம்: விசையைத் தள்ளினால் உடனே கேட்காது, யோசித்துத்தான் கேட்கும். அதனால் அந்த வாம்பயர் விமானத்தின் இறக்கைப் பின்னோரத்தில் இருக்கும் ஃபிளாப் மடல்களைப் பெரிதாக்கினார்கள். அந்த விமானம் இப்போது யோவில்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உன் கேள்விக்கான பதில் 1946-ல் தொடங்குகிறது. அந்த வருடம் செப்டம்பர் 27 அன்று ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்ற விமானி, டிஎச் 108 என்ற வாலில்லாத ஜெட்டைக் கடுவேகத்தில் ஓட்டும்போது அது காற்றிலேயே சிதறியதால் இறந்தார். ஏன் சிதறியது என்று கண்டுபிடிக்கும் வேலை பிரௌனிடம் வந்தது. அதே வகை விமானத்தில், அதே வேகத்துக்குப் போக வேண்டும். அவர் முதலில் செய்தது இருக்கையைத் தாழ்த்தியது. எது நடந்தால் கை என்ன செய்ய வேண்டும் என்று தரையிலேயே முடிவு செய்து, மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப்பார்த்தார். மேலே போனதும் விமானம் வெறிபிடித்ததுபோல் மேலும் கீழும் குலுங்கத் தொடங்கியது. அவருடைய தாடை நெஞ்சில் மோதியது, தலை பின்னால் தெறித்தது, திரும்பத் திரும்ப. யோசிக்க நேரமில்லை. ஆனால் யோசனை ஏற்கெனவே முடிந்திருந்தது. ஸ்டிக்கையும் எஞ்சின் விசையையும் மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். உலுக்கல் நின்றுவிட்டது. டி ஹாவிலண்ட் உயரமானவர், உலுக்கலில் அவர் தலை மேற்கண்ணாடியில் மோதிக் கழுத்து முறிந்திருக்க வேண்டும் என்பது பிரௌனின் முடிவு. தான் பிழைத்ததற்குத் தன் குள்ள உருவமும் ஒரு காரணம் என்று அவரே சொல்வார். அந்த வகையில் செய்யப்பட்டவை மூன்று விமானங்கள்தான். மூன்றும் விழுந்து நொறுங்கின, மூன்று விமானிகளும் இறந்தார்கள். இப்படிப்பட்ட ஒன்றில் பயமில்லாமல் ஏறினார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். பயந்தவர்தான் இருக்கையைத் தாழ்த்தியிருப்பார்.

அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தது ஜெர்மன் மொழி. போர் முடிந்ததும் பிடிபட்ட ஜெர்மன் விமானங்களை ஓட்டிப் பார்க்கும் பிரிவு அவர் கைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவற்றை ஓட்டியவர்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. அதே மொழிதான் 1945 ஏப்ரலில் அவரை நாஜிகளின் பெல்சன் வதைமுகாமுக்கும் கொண்டுபோனது. பிணங்கள் குவிந்து கிடந்த அந்த இடத்தில், முகாமின் தலைவன் கிராமரையும் காவலாளி இர்மா கிரேசையும் விசாரித்தபோது மொழிபெயர்த்தவர் அவர். அந்த நாளை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அதிகாரியின் வேலை எப்போதும் காக்பிட்டுக்குள் மட்டும் இருக்காது, பாப்பா.

எல்லாமே வெற்றியும் இல்லை. சக்கரமே இல்லாமல், காற்றடைத்த ரப்பர் தளத்தில் ஜெட்டை வயிற்றால் இறக்கலாம் என்று ஒரு திட்டம். முதல் முயற்சியில் விமானம் உடைந்தது. 1948-ல் 'வாரியர்' கப்பலில் சரியாகவே இறக்கிக் காட்டினார். ஆனால் இறங்கிய பிறகு சக்கரமில்லாத விமானத்தை எப்படித் தள்ளி ஒதுக்குவது? திட்டத்தைக் கைவிட்டார்கள். பிரௌன் 1970-ல் கேப்டனாக ஓய்வு பெற்றார். 2016 பிப்ரவரியில், தொண்ணூறைத் தாண்டிய வயதில் காலமானார். இத்தனை ஆபத்தைக் கடந்தவர் படுக்கையில் போனார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீ செய்ய வேண்டியது: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் விடாதே. என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு இப்போது பெண்களுக்கும் திறந்திருக்கிறது. 2019 டிசம்பரில் கொச்சியில் சிவாங்கி நம் கடற்படையின் முதல் பெண் விமானியாகச் சிறகுச் சின்னம் பெற்றார். 2024 ஜூனில் அரக்கோணம் ராஜாளித் தளத்தில் அனாமிகா ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியானார். திருத்தணிக்கு ரயிலில் போகிற வழிதான் அது.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். யாரிடமும் நான் சொன்னதில்லை. ஒரு விடியற்காலை, எஞ்சின் மூடியின் பூட்டு ஒன்றைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பறக்க வந்த இளம் லெப்டினன்ட் டார்ச்சோடு ஹெலிகாப்டரைச் சுற்றினார். கண்ணால் பார்ப்பதோடு விடாமல் ஒவ்வொரு பூட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. அந்தப் பூட்டில் விரல் நின்றது. என்னைத் திட்டவில்லை. நான் அதை மூடும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. திரும்ப மூக்குப் பக்கம் போய், முதல் பூட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

அன்புடன்,
மாமா